நெருப்பென்றால் வாய் வெந்துவிடும்

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். வெந்துவிடும் என்று மனதார நம்பிய ஓர் அலுவலகம் லண்டனில் இருந்தது. அந்த ஊர்ப் பாதாள ரயிலை நடத்திய நிர்வாகம்தான் அது. எஸ்கலேட்டருக்கு அடியில் தீப்பிடித்தால் அவர்கள் வாயில் தீ என்ற சொல் வராது. அதற்கென்று சாதுவான ஒரு சொல் வைத்திருந்தார்கள். தமிழில் ‘புகைச்சல்’ எனலாம். மாமியார் மருமகளுக்குள் இருக்குமே, பங்காளிகளுக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒரு புகைச்சல். நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குப் போய் யாராவது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்களா?

நம் கிராமங்களில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். பேர் சொன்னால் வந்துவிடும் என்று பயம். படித்தவர்கள் அந்தப் பாட்டிகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் எந்தப் பாட்டியும் பூச்சி என்று சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்ததில்லை. லண்டன் கனவான்கள் படுத்தார்கள். 1956-க்குப் பிறகான முப்பத்துச் சொச்ச ஆண்டுகளில் அவர்களுடைய எஸ்கலேட்டர்களில் பிடித்த தீ 400-க்கும் மேல். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்று விழும். கரண்ட் பில் போல மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவரும் சாகவில்லை. ஆகவே இது கடிக்கிற சாதி இல்லை என்று முடிவுகட்டினார்கள்.

1987 நவம்பர் 18, புதன்கிழமை மாலை, கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் அது கடித்தது. 31 பேர் செத்தார்கள்.

கிங்ஸ் கிராஸ் என்ற பெயரில் ஒரு ராஜகம்பீரம் இருக்கிறது. அந்த ராஜா கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு 1830களில் அந்த நாற்சந்தியில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, உச்சியில் சிலை வைத்தார்கள். மன்னர் மேலே நிற்க, அடித்தளத்தில் முதலில் போலீஸ் ஸ்டேஷன் நடந்தது, பிறகு பீர்க்கடை நடந்தது. 1845-ல் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ராஜாவும் இல்லை, சிலையும் இல்லை, பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது. பொருள் போனாலும் பெயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஊர் அது. பொருள் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கும்போது பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் அதே ஊருக்குத் தெரியும்.

உலகத்தின் முதல் பாதாள ரயில் 1863 ஜனவரி 10 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடியது. வழியில் ஒரு நிறுத்தம் கிங்ஸ் கிராஸ். தெருவைத் தோண்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே வளைவு கட்டி மூடி, அதற்குள் நீராவி எஞ்சினை விட்டார்கள். நிலக்கரி எரிகிற எஞ்சினைக் குழாய்க்குள் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. ஜனங்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். இதை விசாரிக்க 1897-ல் அரசு ஒரு குழு போட்டது. அதன் முன்னால் ரயில் கம்பெனி தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. ஆஸ்துமாக்காரர்களும் மார்ச்சளிக்காரர்களும் எங்கள் நிலையமொன்றுக்கு ஆரோக்கிய வாசஸ்தலத்துக்கு வருவதுபோல் வந்து காற்று வாங்குகிறார்கள் என்று சொன்னார்கள். கொடைக்கானலுக்கு மலையேறிப் போவானேன், சந்து முனையில் படி இறங்கினால் போதாதா? கந்தகப் புகையை மூலிகைப் புகையாக்கிய அந்த வாய்க்கு, தொண்ணூறு வருஷம் கழித்துத் தீயைப் புகைச்சலாக்குவது என்ன பெரிய வேலை! பரம்பரைத் தொழில்.

அந்த முதல் பாதையின் நீராவி 1905 வாக்கில் மின்சாரத்துக்கு வழிவிட்டது. அதற்குள் லண்டன் இன்னும் ஆழமாகத் தோண்டத் தொடங்கியிருந்தது. 1906 டிசம்பரில் கிங்ஸ் கிராஸுக்கு அடியில் இன்று பிக்காடிலி எனப்படும் பாதை வந்தது. அடுத்த வருஷம், இன்று நார்தர்ன் எனப்படும் பாதை. இறங்கி ஏற லிஃப்ட். 1939-ல் லிஃப்டை ஒதுக்கிவிட்டுப் புதிய டிக்கெட் கூடமும் எஸ்கலேட்டர்களும் கட்டினார்கள். 1968-ல் விக்டோரியா பாதை வந்து சேர்ந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்யாணம் ஆகும்போது பின்கட்டில் ஓர் அறையை இழுத்துக் கட்டுவார்களே, அப்படி வளர்ந்த நிலையம் இது. அறைகள் பெருகின. ஆழத்தில் ஓடும் இந்தப் பாதைகளுக்கு முக்கிய வாசல் என்று இருந்ததோ ஒன்றே ஒன்று. பிக்காடிலிக்காரன் ஏறி வந்தாலும் விக்டோரியாக்காரன் ஏறி வந்தாலும் ஒரே டிக்கெட் கூடத்துக்குள்தான் தலைநீட்ட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த ரயிலின் அழகைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1916-ல் எட்வர்ட் ஜான்ஸ்டன் அதற்கென்றே எழுதித் தந்த எழுத்துரு, 1933-ல் வெளிவந்த ஹாரி பெக்கின் வரைபடம், சிவப்பு வளையமும் நீலப் பட்டையும் கொண்ட சின்னம் என்று வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் பாடமாக இருப்பவை பல. ‘புகைபிடிக்காதீர்’ என்பதை இத்தனை லட்சணமான எழுத்தில் எழுதி வைத்த நிறுவனம் உலகத்தில் வேறில்லை. அந்த லட்சணமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு சரி. எஸ்கலேட்டரின் பலகையைத் தூக்கிப் பார்த்தால் வேறு உலகம்.

பிக்காடிலி பாதையிலிருந்து மேலே வருகிற நான்காம் எண் எஸ்கலேட்டர் 1939 வாக்கில் வைத்தது. உள்ளே இரும்புச் சட்டம். மிதிக்கிற படி மரம், பக்கவாட்டுப் பலகை மரம், அதன் விளிம்பும் மரம். மரத்தில் ஓர் ஏணி செய்து, அதைச் சாய்வான குகைக்குள் நிறுத்தி, அடியில் கிரீஸ் தடவி, மேலே சுருட்டு பிடிக்கிறவர்களை ஏற்றி அனுப்பினார்கள். ஓமகுண்டம் கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு பொருத்தமாகச் செய்ய மாட்டார்கள். படிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே ஓர் இடுக்கு. அதன் வழியாக ஜனங்களின் துணித் தூசும் காகிதத் துணுக்கும் முடியும் கசங்கிய டிக்கெட்டும் உள்ளே விழுந்து, கிரீஸில் ஊறி, திரி போலக் கிடந்தன. அடியில் சக்கரங்கள் ஓடும் தடங்களை அவை வைக்கப்பட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட முழுக்கச் சுத்தம் செய்யவில்லை என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

நம் ஊரில் பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரர்கூட வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு, தன் பம்ப்பைத் துடைத்துப் பொட்டு வைக்கிறார். சாமி பயமோ, மிஷின் பயமோ, ஏதோ ஒரு பயம். அந்த ஒருநாள் பயம்கூட இல்லாமல் ஒரு மாநகரம் ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறது. பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். லண்டன் பாதாளத்தில் அது டிக்கெட் கவுண்டரோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. எஸ்கலேட்டரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க அதற்கு மனம் வரவில்லை.

எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1984 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நிலையத்தில் தீ. அதற்குச் சில மாதம் முன்புதான் ரயில் பெட்டிகளில் புகைபிடிக்கத் தடை வந்திருந்தது. 1985 பிப்ரவரியில் பாதாள நிலையங்களுக்கும் அதை நீட்டினார்கள். பயணி என்ன செய்தான்? ரயிலில் அடக்கிக்கொண்டான், நடைமேடையில் அடக்கிக்கொண்டான், எஸ்கலேட்டரில் கால் வைத்ததும் இதோ வெளியே வந்துவிட்டோமே என்று சிகரெட்டைப் பற்றவைத்தான். குச்சியைக் காலடியில் போட்டான். தடுக்க ஆளில்லை. தடையைச் சுவரில் எழுதிவிட்டால் தடுத்தாகிவிட்டது என்பது அலுவலக சாஸ்திரம். சிறிய தீயானாலும் எங்களை உடனே கூப்பிடுங்கள் என்று தீயணைப்புப் படை இவர்களுக்கு எழுதிக்கூடக் கேட்டிருந்தது. கடிதம் வந்தது, கோப்பில் சேர்ந்தது, கோப்பு அலமாரியில் சேர்ந்தது. அலமாரியும் மரம்தான் என்று நினைக்கிறேன்.

எரிந்த எஸ்கலேட்டரின் பக்கப் பலகைக்கு அடியில், அன்றைய தீயோடு சம்பந்தமில்லாத பழைய கருகல் தடங்கள் பல இடங்களில் இருந்ததை விசாரித்தவர்கள் கண்டார்கள். பல தடவை தீக்குச்சி உள்ளே விழுந்திருக்கிறது, பல தடவை பற்றியிருக்கிறது, தானாகவே அணைந்திருக்கிறது. அக்கினி பகவான் ஒவ்வொரு தடவையும் படியேறி வந்து, அய்யா நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அட்டெண்டன்ஸ் கொடுத்திருக்கிறார். யாரும் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பெயிண்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். எஸ்கலேட்டர் குகையின் கூரையில் பழைய பெயிண்டின் மேல் புது பெயிண்ட், அதன் மேல் இன்னும் புது பெயிண்ட் என்று சுமார் 20 பூச்சு ஏறியிருந்தது. சுரண்டி எடுக்கும் வழக்கமில்லை. விபத்துக்குச் சில வருஷம் முன்பே நிர்வாகத்தின் உயரதிகாரி ஒருவர், ரயில் இயக்கத்துக்கே இயக்குநர், இந்தப் பெயிண்ட் தீப்பிடிக்குமே என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பெயிண்ட் அடிப்பது அவருடைய துறைக்குள் வராது. வேறொருவர் துறை. பக்கத்து வீட்டு அடுப்பைப் பற்றிப் பேச நீ யார் என்பது போல் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது. துறை துறையாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நகர்த்துவது ஒரு துறை, பழுது பார்ப்பது ஒரு துறை, பூசுவது ஒரு துறை. எரிவது எந்தத் துறையில் வரும் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நெருப்புக்கும் அது தெரியாது. எல்லாத் துறையையும் ஒரே நிமிஷத்தில் ஒன்று சேர்த்துவிட்டது.

அந்த மாலையின் கணக்கு மொத்தம் கால் மணி நேரம்.

7.30 மணி. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் குறையத் தொடங்கிய நேரம். எஸ்கலேட்டருக்கு அடியில் ஏதோ எரிகிறது என்று ஒரு பயணி டிக்கெட் கொடுப்பவரிடம் சொல்கிறார். இன்னொரு பயணி அவசரப் பொத்தானை அமுக்கி எஸ்கலேட்டரை நிறுத்துகிறார். அதாவது அந்த நிலையத்தில் அன்று முதலில் உருப்படியான காரியம் செய்த இருவரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். ரயில்வே போலீஸார் வந்து பார்க்கிறார்கள். தீதான். தகவல் சொல்ல வேண்டும். கையில் வயர்லெஸ் இருக்கிறது, ஆனால் பூமிக்கு அடியில் அது வேலை செய்யாது. பூமிக்கு அடியில் காவல் காக்கும் போலீஸுக்குப் பூமிக்கு மேல் மட்டுமே பேசுகிற வயர்லெஸ். ஒரு காவலர் படியேறி வெளியே வந்து பேசுகிறார். 7.36-க்குத் தீயணைப்பு வண்டிகள் கிளம்புகின்றன.

இதற்கிடையில் எஸ்கலேட்டருக்கு அடியிலேயே தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு ஒன்று தயாராக இருந்தது. நீர்த்திவலையைப் பனிமூட்டம் போல் அடித்துத் தீயைத் தணிக்கும் கருவி. சாவியைத் திருப்ப வேண்டிய ஊழியர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் கற்றுத் தரவில்லை. கல்யாண வீட்டில் வெள்ளிப் பாத்திரத்தை அலமாரியில் அடுக்கிக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே கோபத்தை அந்த ஊழியர்கள் மேல் திருப்புவது சுலபம். எந்த விபத்திலும் மேலிருப்பவர்கள் முதலில் கைகாட்டுவது அங்கேதான். தீ என்ற சொல்லையே சொல்லக் கூடாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நெருப்பை அணைக்கத் தெரியவில்லை என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

7.39-க்கு நிலையத்தைக் காலி செய்ய முடிவெடுத்தார்கள். பிக்காடிலி எஸ்கலேட்டர் எரிகிறது, ஆகவே விக்டோரியா எஸ்கலேட்டர் வழியாக மேலே போங்கள் என்று ஜனங்களை அனுப்பினார்கள். நியாயமான யோசனை. ஆனால் அந்த எஸ்கலேட்டர் எங்கே போய்ச் சேரும்? நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதே டிக்கெட் கூடத்துக்கு. பாதாளத்தில் பத்திரமாக நின்றவர்களை எரியப்போகிற அறைக்குள் வரிசையாக ஏற்றி அனுப்பினார்கள். அனுப்பிய காவலர்கள் கெட்டவர்கள் இல்லை. கட்டிடத்தின் வரைபடம் அவர்களை விட்டுக் கொடுத்துவிட்டது. தீ மேலே பாயும் என்று கணக்கில் கொள்ளாமல் வரைந்த வரைபடம்.

தீயணைப்புப் படை வந்து சேர்ந்தபோது தீ பெரியதாக இல்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி அளவு எரிகிறது என்றுதான் முதலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயும் சுவாசக் கருவியும் கொண்டுவரத் திரும்பினார்கள். 7.45. அட்டைப்பெட்டி அளவுத் தீ ஒரே பாய்ச்சலில் எஸ்கலேட்டர் குகை முழுவதையும் பிடித்து, வாய் வழியாக டிக்கெட் கூடத்துக்குள் சீறியது. கூடத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள், அல்லது மோசமாக வெந்தார்கள். கீழே சிக்கிக்கொண்ட சில நூறு பேரை விக்டோரியா பாதை ரயில்கள் வந்து ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றின. யோசித்துப் பாருங்கள், ஆரம்பத்திலேயே எல்லாரையும் ரயிலேற்றி அனுப்பியிருக்கலாம். வெந்த ஒருவரைத் தாங்கிக்கொண்டு இன்னொரு வழியாக வெளியேற முயன்ற காவலர் ஒருவருக்கு முன்னால் இரும்புக் கிராதிக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கமாக வந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர்தான் திறந்துவிட்டார். பெரிய நிர்வாகம், பெரிய பெரிய துறைகள், கடைசியில் ஒரு சாவிக்கொத்து இருந்தது துடைப்பம் பிடித்த கையில்.

முதல் வண்டியோடு வந்த தீயணைப்பு அதிகாரி கோலின் டவுன்ஸ்லி, சோஹோ நிலையத்தைச் சேர்ந்தவர். வெளியேறும் படிக்கட்டின் அடியில், மோசமாக வெந்த ஒரு பயணியின் பக்கத்தில், அவருடைய உடல் கிடந்தது. அந்தப் பயணியைக் காப்பாற்ற நின்றவர் தன் உயிரைக் கொடுத்தார் என்றே கருதப்படுகிறது. மேலே ஏற இன்னும் சில படிகள். 150-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடி, மறுநாள் அதிகாலை 1.46-க்குத்தான் தீ முழுவதும் அணைந்ததாக அறிவித்தார்கள்.

செத்தவர்களில் ஒருவர் யாரென்றே தெரியவில்லை. சவக்கிடங்கில் அவருக்குக் கட்டிய சீட்டின் எண் 115. அந்த எண்ணே அவருக்குப் பெயராயிற்று. முகத்தை மண்ணில் வடித்துப் பார்த்தார்கள், பத்திரிகைகளில் படம் போட்டார்கள். 2004-ல்தான், 16 வருஷம் கழித்து, ஸ்காட்லாந்துக்காரரான ஒரு முதியவர் என்று உறுதியாயிற்று. தீக்குப் புகைச்சல் என்று வாய் கூசாமல் பேர் வைத்தவர்கள் ஊரில், செத்துப்போன மனிதனுக்கு அவனுடைய சொந்தப் பேர் கிடைக்க அவ்வளவு காலமாயிற்று.

பிறகு விசாரணை. டெஸ்மண்ட் ஃபெனல் என்ற வழக்கறிஞர் தலைமையில் 91 நாட்கள் நடந்தது. வெடிகுண்டா, சதியா என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு தீக்குச்சியில் வந்து நின்றார்கள். எஸ்கலேட்டரில் நிஜமாகவே தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்த்தார்கள். பற்றிக்கொண்டது. ஒன்பது நிமிஷம் எரிய விட்டு அணைத்தார்கள். ஐம்பது வருஷமாக யாருக்கும் தோன்றாத பரிசோதனை, செலவு ஒரு தீக்குச்சி.

அட்டைப்பெட்டித் தீ எப்படிக் கணப்பொழுதில் பூதமாயிற்று என்ற கேள்வி விஞ்ஞானிகளைத் திணறடித்தது. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, 30 டிகிரி சாய்வில் தீ மேல்நோக்கி எழாமல் படிகளோடு படிகளாகப் படுத்துக்கொண்டு ஏறுகிறது என்றது கணக்கு. நெருப்பாவது படுப்பதாவது என்று நிபுணர்களே முதலில் நம்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி எஸ்கலேட்டர் செய்து எரித்தார்கள். படுத்தது. படுத்த தீ மேலே உள்ள படியைச் சூடாக்கி, அந்தப் படி பற்றி, அது அடுத்ததைச் சூடாக்கி, ஒரு கட்டத்தில் மொத்தமும் பீரங்கி போல் வெடித்துச் சீறுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல் நெருப்பு ஓடுகிற இந்தக் குணம் அதுவரை உலகத்துக்குத் தெரியாது. உண்மையான கண்டுபிடிப்பு, வணங்கத்தக்க வேலை. ஆனால் இந்த விஞ்ஞானம் நிர்வாகத்துக்கு நல்ல போர்வையாகவும் ஆகியிருக்கும், விட்டிருந்தால். “பாருங்கள், உலகத்துக்கே தெரியாத ஒன்று, எங்களுக்கு எப்படித் தெரியும்?” தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதுதான் உலகத்துக்குத் தெரியாது. மரமும் கிரீஸும் தீக்குச்சியும் சேர்ந்தால் எரியும் என்பது அடுப்பூதுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

ஃபெனல் அந்தப் போர்வையை யாருக்கும் தரவில்லை. 1988 நவம்பரில் வந்த அறிக்கை, தீயென்றால் வரத்தான் செய்யும் என்று நிர்வாகம் மெத்தனமாக இருந்ததைப் பிட்டுப் பிட்டு வைத்தது. 157 பரிந்துரைகள் சொன்னது. லண்டன் போக்குவரத்துக் கழகத் தலைவர் கீத் பிரைட்டும் பாதாள ரயில் தலைவர் டோனி ரிட்லியும் பதவி விலகினார்கள். சிறைக்குப் போனவர் எவருமில்லை. 31 பேர் வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை, இருவர் வேலையை விட்டு வீடு திரும்பினார்கள். தராசின் இரண்டு தட்டும் சமம் என்று சட்டம் நினைத்துக்கொண்டது.

எஸ்கலேட்டர் உட்பட எங்கும் புகைபிடிக்கக் கூடாது என்ற முழுத் தடை தீ நடந்த ஐந்தாம் நாள் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், இங்கே கண்ணோடு கண்ணுடையவனே போன பிறகு நமஸ்காரம். ஆனாலும் ஒரு விஷயம் கவனியுங்கள். 1985-ல் முடியாதது 1987-ல் ஐந்தே நாளில் முடிந்திருக்கிறது. ஒரு சுற்றறிக்கையின் விலை 31 உயிர் என்று வைத்தால், மீதிப் பரிந்துரைகளுக்கு விலை கேட்கப் பயமாக இருக்கிறது. எஸ்கலேட்டர்களின் மரப் பலகைகளைக் கழற்றினார்கள், அடியில் சூட்டை உணரும் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் வைத்தார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், 1989-ல் பாதாள நிலையங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. எல்லாம் நல்லவை, எல்லாம் முன்பே தெரிந்தவை. கடைசி மர எஸ்கலேட்டரை, கிரீன்ஃபோர்ட் நிலையத்தில் இருந்ததை, 2014 மார்ச்சில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். 26 வருஷம் கழித்து. ஒற்றை வாசலில் அடைபட்ட கிங்ஸ் கிராஸுக்கு மேற்கே ஒரு புதிய கூடம் 2006-லும் வடக்கே ஒரு கூடம் 2009-லும் கிடைத்தன. தீயன்று பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 22.

லண்டன் அதோடு கற்றுக்கொண்டது என்று முடிக்கலாம்தான். அந்த ஊர் முடிக்க விடவில்லை. 2017 ஜூன் 14 அதிகாலை, அதே லண்டனின் மேற்குப் பகுதியில், கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. நாலாம் மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ, கட்டிடத்துக்கு அழகுக்காகவும் குளிர் தாங்கவும் போர்த்திய பிளாஸ்டிக் உள்ளடங்கிய அலுமினியத் தகடுகளில் பிடித்து உச்சி வரை ஏறியது. 72 பேர் செத்தார்கள். ஒரு பேரழிவு வந்தால்தான் உங்கள் கண் திறக்குமா என்று குடியிருந்தவர்கள் ஏழு மாதம் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். எரிகிற அந்தத் தகடு வகைக்கும் அங்கே ஒரு சாதுவான பெயர் இருந்தது, ‘பூஜ்ய வகுப்பு’. பூஜ்யம் என்றால் ஆபத்து பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் வந்த விசாரணையின் கடைசிக் கட்ட அறிக்கைக்கு மட்டும் சுமார் 1,700 பக்கம். புகைச்சலிலிருந்து பூஜ்யத்துக்கு வந்து சேர முப்பது வருஷம் பிடித்திருக்கிறது, சொல்வளம் குறையவில்லை.

லண்டனில் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் கிங்ஸ் கிராஸுக்குக் கட்டாயம் போவார்கள். அங்கே மேலே, பெரிய ரயில் நிலையத்தில், சுவருக்குள் பாதி புகுந்து நிற்கும் ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஒன்பதே முக்காலாம் நடைமேடை. இல்லாத நடைமேடை, இல்லாத ரயில், இல்லாத பையன். அதன் முன் படமெடுக்க வரிசை கட்டி நிற்கிறார்கள், பக்கத்திலேயே கடையும் உண்டு. அங்கிருந்து படி இறங்கி டிக்கெட் கூடத்துக்கு வந்தால், அன்று செத்தவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதன் முன் வரிசை கிடையாது.